இருபத்தாறு வருடம் நன்மை வாங்காத அக்கா

கிறிஸ்தவம் தேய்கிறதா, அன்பு என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது இன்னும் உண்மைதானா என்று சிரம்பானில் ஒருநாள் கூட்டம் போட்டார்கள். ஒவ்வொரு சிற்றாலயத்திலிருந்தும் ஓர் ஆள் வரவேண்டும் என்றார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து அனுப்ப வேறு ஆள் இல்லாததால் நான் போனேன். குளிரூட்டிய அறை, நல்ல நாற்காலி, மத்தியானம் நெய்ச்சோறும் கோழியும். கோலாலம்பூரிலிருந்து வந்த ஒருவர் சுவரில் படம் காட்டிப் பேசினார். படத்தில் ஒரு கோடு மேலேயிருந்து கீழே இறங்கியது. ஏன் இறங்குகிறது என்று எங்களைக் கேட்டார்.

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பிள்ளைகள் சிங்கப்பூருக்குப் போய்விட்டார்கள். கைப்பேசி கெடுத்துவிட்டது. கிட்டார் வைத்துப் பாடுகிற சபைகள் ஆளை இழுத்துவிட்டன. தோட்டங்களை விற்றுவிட்டார்கள். எல்லாம் உண்மைதான். நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருந்திருக்கும். எண்ணெய்க்கான செம்பனை நாற்றுப் பண்ணையில் இருபது வருடமாக மண்டோராக, அதாவது கண்காணியாக, வேலை பார்க்கிறவள் நான். இந்தக் கோடியிலிருந்து நான் திட்டினால் அந்தக் கோடியில் தண்ணீர் பாய்ச்சுகிறவன் நிமிர்ந்து பார்ப்பான். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் உண்டு. எனக்குத் தெரிந்ததைச் சொன்னால் என் அப்பாவையும் என்னையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோழிக்கறிக்கு நடுவில் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் பகாவுக்கும் கோலா பிலாவுக்கும் நடுவில் இருக்கிறது. ரப்பர் இருந்த காலத்தில் கோயிலுக்குள் இடம் கிடைக்காமல் வெளியே வெயிலில் நின்று பூசை கண்டிருக்கிறேன். இப்போது ஒன்பது குடும்பம். தகரக் கூரை, ஆறு பெஞ்சு. பாதர் மாதத்தின் மூன்றாவது ஞாயிறு மட்டும் வருவார். மற்ற ஞாயிறுகளில் நான்தான் வாசகம் வாசித்து, செபம் சொல்லி, பாட்டை எடுத்துக் கொடுப்பேன். என் அப்பா இங்கே உபதேசியாராக இருந்தவர். அவர் இறந்தபின் ஆண்கள் யாரும் முன்வரவில்லை. வேலை என் தலையில் விழுந்தது.

இந்தக் கோயிலைச் சனிக்கிழமைதோறும் கூட்டிக் கழுவுவது ஓர் அக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். செம்பனைத் தோப்பில் உதிரிப்பழம் பொறுக்குகிற வேலை. வேலை முடிந்து வந்து, அதே கிழிந்த முழுக்கைச் சட்டையோடு பெஞ்சுகளைத் துடைப்பார், பீடத் துணியைக் கழுவிப் போடுவார், மெழுகுச் சொட்டுகளைக் கரண்டியால் சுரண்டுவார். யாரும் செய்யச் சொல்லவில்லை. நான் பாதரிடம் கொடுக்கிற ஒன்பது குடும்பப் பட்டியலில் அவர் பெயர் கிடையாது.

காரணம் இது. அக்கா பிறவிக் கத்தோலிக்கர். பத்து வயதில் புதுநன்மை வாங்கியவர். கல்யாணம் மட்டும் இந்துவோடு. தோட்டத்து டிராக்டர் ஓட்டுகிற அண்ணன், மாரியம்மன் கோயில் திருவிழாவில் வருடம் தவறாமல் தீச்சட்டி எடுக்கிறவர். மாரியம்மன் சன்னதியில் தாலி கட்டினார், பிறகு கோலா பிலாவில் பதிவும் செய்தார்கள். கோயிலில் நடக்காத கல்யாணம் என்பதால் அக்காவுக்கு நன்மை, பூசையில் பாதர் கொடுக்கிற அப்பம், கிடையாது. ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வருவார், கடைசி பெஞ்சில் உட்காருவார். நன்மை கொடுக்கிற நேரம் வந்ததும் எழுந்து வெளியே குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு நிற்பார். வரிசை முடிந்ததும் உள்ளே வருவார். பிள்ளை இல்லை. அது கடவுள் கொடுத்த தண்டனை என்று எங்கள் ஆட்களே பேசிக்கொண்டார்கள். பேசியவர்களின் பிள்ளைகளில் பாதிப்பேர் கோயில் வாசலை மிதிப்பதில்லை. அது என்ன தண்டனை என்று நான் யாரையும் கேட்டதில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அக்கா என் அப்பாவிடம் வந்து கேட்டிருக்கிறார். நான் அப்போது வீட்டுக்குள் இருந்தேன். காதில் விழுந்தது.

"மண்டோரய்யா, கல்யாணத்த நம்ம கோயில்ல வைக்க முடியுமா? பாதர் சாமிகிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

"அவன் ஞானஸ்நானம் எடுப்பானா?"

"அவங்க வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க."

"அப்ப இல்ல."

அவ்வளவுதான். அக்கா தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அப்பா ரப்பர்ப் பால் மண்டோராகவும் இருந்தார், உபதேசியாராகவும் இருந்தார். இரண்டுக்கும் ஒரே குரல்தான்.

தோட்டத்தில் வளராதவர்களுக்கு இது புரியாது. எங்களுக்கு என்ன வேண்டுமென்றாலும் மண்டோரிடம் கேட்போம். மண்டோர் ஆபீஸ் கணக்குப்பிள்ளையான கிராணியிடம் கேட்பார். கிராணி தோட்டத்து மேனேஜர் துரையிடம் கேட்பார். பதில் அதே படியில் இறங்கி வரும். மண்டோரைத் தாண்டி ஆபீசுக்கு நேராகப் போனவனுக்கு மறுநாள் பால் வெட்ட மலைமேட்டில் கடைசி வரிசை மரம்தான் கிடைக்கும். அப்படியே பழகியவர்கள் நாங்கள். கடவுள் விஷயத்திலும் அப்படியேதான் நடந்துகொண்டோம். பாதரை நாங்கள் துரையாக ஆக்கி வைத்திருந்தோம். அவர் பூசை முடித்து வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுப்பார். நாங்கள் கை கொடுத்துவிட்டுத் தலை குனிந்து நகர்ந்துவிடுவோம். கேட்க வேண்டியது இருந்தால் உபதேசியாரிடம் கேட்டோம்.

அப்பாவைக் கெட்டவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். காலையில் பால் வேலை முடித்து, சாயங்காலம் சைக்கிளை மிதித்து மூன்று தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுத்தார். யார் வீட்டில் சாவு என்றாலும், எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீடானாலும், முதலில் போய் நின்றார். காய்ச்சலில் கிடந்தவர்களுக்கு என் அம்மாவைக் கஞ்சி வைக்கச் சொல்லித் தூக்கிக்கொண்டு நடப்பார். அன்பு இல்லாத மனிதர் இல்லை. ஆனால் தனக்குத் தெரியாது என்று அவர் வாயில் வந்ததே இல்லை. மண்டோருக்குத் தெரியாது என்றால் அப்புறம் யார் மதிப்பார்கள்?

நான் அவருக்கு மேலே ஒரு படி போனேன். ஏழெட்டு வருடத்துக்கு முன்பு கோயில் திருவிழா. வெளியூர்க் கூட்டம், பாதரும் வெளியூர்க்காரர். நன்மை வரிசையில் ஆட்கள் நெருக்கியடித்ததில் கடைசி பெஞ்சில் இருந்த அக்காவும் வரிசைக்குள் வந்துவிட்டார். வந்துவிட்டாரா, வேண்டுமென்றே நின்றாரா, எனக்குத் தெரியாது. முன்னால் மூன்று பேர்தான் இருந்தார்கள். நான் போய் அவர் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். பண்ணையில் காலையில் பெயர் கூப்பிடும்போது தவறான வரிசையில் நிற்கிறவளை இழுப்பேனே, அதே மாதிரி. அக்கா குழாயடிக்குப் போய்விட்டார். கடமையைச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டு நான் போய் நன்மை வாங்கினேன்.

போன வருடம் அக்காவின் காலில் செம்பனை முள் ஏறியது. அக்காவுக்கு இனிப்புநீர், சர்க்கரை வியாதி, உண்டு. முள்ளைப் பிடுங்கி மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் வேலைக்குப் போயிருக்கிறார். பிறகு விரல் கறுத்தது, பாதம் கறுத்தது. கோலா பிலா ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் காலையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பார்க்கப் போனேன். காலை ஒரு பிளாஸ்டிக் நாற்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் வாடை அடித்தது.

"ஏ தங்கச்சி, ஒன்னு கேக்கணும். கோவப்படக் கூடாது."

"நான் என்னைக்குக் கோவப்பட்டேன்?"

"அய்யோ, இவளப் பாருங்கடா" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "வர்ற வியாழன் இல்ல, அடுத்த வியாழன் கால எடுக்குறாங்க. முட்டிக்குக் கீழயாம். நெஞ்சும் சரியில்லயாம். மயக்கம் குடுத்தா நான் எந்திரிப்பனான்னு டாக்டரே யோசிக்கிறாரு. அதுக்கு முன்னால ஒரே ஒரு தடவ நன்மை வாங்கிடறேன். உள்ள வந்து வாங்கணும்னு இல்ல. பாதர் காடியில ஏறுவாருல்ல, அப்ப சன்னல் வழியா குடுத்தாக்கூட போதும்."

என்ன சொல்வது என்று தெரியவில்லை. தெரியாதபோது வாயில் என்ன வருமோ அதுவே வந்தது.

"அண்ணன் ஞானஸ்நானம் எடுத்தாதான்..."

"அது தெரியும். இருபத்தாறு வருஷமா தெரியும்லா."

"நீ பாதர்கிட்ட எப்பவாச்சும் கேட்டியா?"

"நான் எப்புடி நேரா போயி கேப்பேன்? ஒங்கப்பாகிட்ட கேட்டேன். அவரு சாமிகிட்ட கேட்டுட்டுத்தான சொல்லியிருப்பாரு."

அக்கா அப்பாவிடம் கேட்ட அன்று வீட்டுக்குள் நான் இருந்தேன். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் மூச்சுவிட்டு வாங்கும் நேரம்கூட இல்லை. அப்பா எந்தச் சாமியிடமும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். பத்து வருடமாக அவர் வேலையைச் செய்கிற நானும் கேட்கவில்லை.

அது மூன்றாவது ஞாயிறுக்கு முந்தைய வெள்ளி. ஞாயிறு பூசை முடிந்ததும் பாதரை அவருடைய காருக்கு அருகில் தனியாகப் பிடித்தேன். எங்கள் பாதர் மலாக்கா பக்கத்துச் சீனர். பூசையை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு தமிழில் வாசிப்பார். பேச்சுத் தமிழ் எங்களிடம் வந்து கற்றதுதான். நடுவில் மலாய் புகுந்துவிடும்.

"பாதர், ஒரு ஆளுக்கு நன்மை குடுக்கணும். குடுக்கக் கூடாதுன்னு தெரியும். இருந்தாலும் கேக்குறேன்."

"யாரு?"

"கோயில் கூட்டுற அக்கா. கால எடுக்கப் போறாங்க."

"ஏன் குடுக்க முடியாது?"

சொன்னேன். அண்ணன் மதம் மாறவில்லை, அதனால் கோயிலில் கல்யாணம் நடக்கவில்லை என்றேன். பாதர் காடிக் கதவைத் திறந்து பாதி உட்கார்ந்தார்.

"அவர் மாறணும்னு யார் சொன்னது?"

"எங்கப்பா."

"அப்பாவுக்கு யார் சொன்னது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"மாறணும் இல்லைலா! அவர் இந்து, இந்துவாவே இருக்கலாம். பிஷப்கிட்ட ஒரு சூராட் வாங்கணும், ஒரு கடுதாசி. வாங்கிட்டு நான் கல்யாணம் வைப்பேன். அப்புறம் அவங்க நன்மை எடுக்கலாம். அவ்வளவுதான்."

"இது இப்ப வந்த சட்டமா பாதர்?"

இதைக் கேட்கும்போது ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்றுதான் நான் நினைத்தேன். ஆமாம் என்றால் அப்பா தப்பிப்பார்.

"இல்ல. அவங்க கல்யாணம் பண்ணும்போதும் இதே சட்டம்தான்."

 ஒரு கடுதாசி. இருபத்தாறு வருடம் ஒருத்தி குழாயடியில் நின்றது ஒரு கடுதாசியை யாரும் கேட்காததால். எனக்கு யார்மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. கண்ணுக்கு முன்னால் பாதர்தான் இருந்தார்.

"நீங்க அஞ்சு வருஷமா வர்றீங்க. அந்த அக்கா வெளிய போறது உங்க கண்ணுக்குப் படலையா?"

"பட்டது. தண்ணி குடிக்கப் போறாங்கன்னு நெனச்சேன்."

"மாசா மாசம் அதே நேரத்துலயா தாகம் எடுக்கும்?"

நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். துரையிடம் குரலை உயர்த்தியவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். பாதர் என்னைத் திட்டவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"யாலா, ஆமா. நானும் கேக்கல. என் தப்பும் இருக்கு. இன்னைக்கே பிஷப் ஆபீசுக்குப் பேசறேன். நீங்க அவர்கிட்ட பேசுங்க. அவர் சம்மதம் வேணும்."

டிராக்டர் அண்ணன் மறுநாள் ஷெட்டில் வண்டிக்குக் கீழே படுத்திருந்தார். காலைத் தட்டினேன்.

"அண்ணே, வெளிய வாங்க. உங்களுக்குக் கல்யாணம்."

"பொண்ணு யாரு?"

"உங்க பொண்டாட்டிதான்."

"வேற நல்ல எடமா பாக்கக் கூடாதா மண்டோரு?" என்றபடி கிரீஸ் கையோடு வெளியே வந்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அப்படியே நின்றுவிட்டார்.

"அப்ப, நான் ஆத்தா சன்னதியில கட்டினது என்னா? வெறும் கயிறா?"

"அப்படி இல்லண்ணே..."

"அப்படித்தான் சொல்றீங்க. இருபத்தாறு வருஷமா ஒங்க கணக்குல அவ எனக்கு யாரு? சொல்லு."

 அவர் கேட்டது நியாயம். எங்கள் வாயில் அன்பு அன்பு என்று வரும்; அந்த மனிதரை ஒருநாள் கோயில் விருந்துக்குக்கூட யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. திருவிழாவுக்குப் பெஞ்சு ஏற்றிவர மட்டும் அவர் டிராக்டர் வேண்டும்.

அவர் கந்தைத்துணியில் கையைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வந்தா ஒரு மாதிரியா இருப்பா. என்னாடி எதுக்குடி மூஞ்சிய தூக்கி வச்சிருக்கன்னா, ஒண்ணும் இல்லம்பா. என்னாலதான்னு சொல்லவே இல்ல. மாறிடுங்கன்னு ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த கேட்டதில்ல மண்டோரு."

"கேட்டிருந்தா மாறியிருப்பீங்களா?"

"தெரியல. கேட்டிருந்தா சண்டதான் போட்டிருப்பேன்."

பிறகு சொன்னார்: "சரி, வர்றேன். ஆனா தாலியக் கழட்டி வச்சு மறுபடி கட்டுன்னு சொன்னா நான் வரமாட்டேன். நான் உசுரோட இருக்கும்போது அவ கழுத்துலேருந்து அது எறங்கக் கூடாது. அவளும் ஒத்துக்க மாட்டா."

எங்கள் கோயில் கல்யாணத்தில் பாதர் தாலியைத் தட்டில் வைத்து மந்திரித்த பிறகுதான் மாப்பிள்ளை கட்டுவார். கழுத்தில் இருப்பதைக் கழற்றாமல் அது எப்படி என்று நானும் பயந்தேன். ஆனால் இந்த முறை நானாகப் பதில் சொல்லவில்லை. ஷெட்டில் நின்றே பாதருக்கு அழைத்து, அண்ணனுக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

"ஏன் கழட்டணும்?" என்றார் பாதர். "கழுத்துலேயே இருக்கட்டும். நான் அங்கேயே மந்திரிக்கிறேன். புதுசு வாங்காதீங்க, வீண் செலவு."

அண்ணன் போனைப் பார்த்து, "சீனன் நல்லாத்தான் பேசுறான்" என்றார். பாதர், "கேக்குதுலா அண்ணே" என்றார்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை சாயங்காலம்தான் பிஷப்பின் கடுதாசி வந்தது. அதுவரை நான் எப்படி இருந்தேன் என்பதை என் பண்ணையில் வேலை செய்கிறவர்களிடம் கேட்க வேண்டும். பாவம், எல்லோரையும் விரட்டினேன். புதன்கிழமை அக்கா ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குக் கல்யாணம். அக்காவை நாற்காலியோடு தூக்கி வந்தது மாரியம்மன் கோயில் கமிட்டி ஆட்கள் இரண்டு பேர். எங்கள் ஒன்பது குடும்பத்திலிருந்து ஏழு பேர் வந்தார்கள். மாரியம்மன் பக்கம் பதினைந்து பேராவது இருக்கும். யாரோ ஒரு பெண் மல்லிகைப்பூ கட்டிக்கொண்டு வந்து அக்கா தலையில் வைத்து, "புதுப்பொண்ணு, தல குனியுங்க" என்று கேலி செய்தாள். கோயிலை அன்றைக்கு நான் கூட்டினேன். அக்கா உள்ளே வந்ததும் முதலில் தரையைத்தான் பார்த்தார். "மூலையில அப்படியே விட்டுட்ட" என்றார்.

முதலில் பாவசங்கீர்த்தனம். அக்கா என் காதில், "என் பாவமெல்லாம் சொன்னா அவருக்குப் புரியுமா?" என்று கேட்டார்.

"புரியலன்னா உனக்குத்தான் நல்லது. போ" என்றேன்.

கையெழுத்து நேரத்தில் அண்ணன் பேனாவைப் பிடித்துக்கொண்டு, "இதுல போட்டா எனக்கு என்னா ஆகும்?" என்றார்.

"ஒண்ணும் ஆகாது" என்றார் பாதர். "அவங்க சாமி கும்பிடறத நான் தடுக்க மாட்டேன், அவ்வளவுதான்."

"அத நான் கையெழுத்துப் போடாமலே செஞ்சிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போட்டார்.

அக்கா புடவைக்குள்ளிருந்து தாலியை வெளியே எடுத்து உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். கயிறு மஞ்சள் போய்க் கறுத்திருந்தது. பாதர் குனிந்து, ஆங்கில எழுத்தில் எழுதி வைத்ததை வாசித்து, அந்த உள்ளங்கைமேல் தீர்த்தம் தெளித்தார். பிறகு அண்ணன் தாலியைத் தொட்டு எடுத்து, அக்காவின் புடவைக்குள்ளேயே திரும்ப வைத்தார். எழுந்து நின்றவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சட்டைப் பையைத் தடவினார்.

நன்மை நேரம் வந்தது. பழக்கத்தில் அக்கா வாசலைத் திரும்பிப் பார்த்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார் என்றே நினைக்கிறேன். அண்ணன் தோளைத் தொட்டு, "எங்க போற? இரு" என்றார். பாதர் அவரிடம் வந்தார். அக்கா நாக்கை நீட்டினார், அந்தக் காலத்துப் பழக்கம். வாங்கினார். வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார். அழுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அழவில்லை. நான்தான் பாட்டை எடுத்துக் கொடுக்க முடியாமல் நின்றேன். வேறு யாரோ தொடங்கினார்கள்.

வெளியே தேநீர் கொடுக்கும்போது அக்கா என்னிடம், "ருசியே மறந்துபோச்சு தங்கச்சி. ஒண்ணுமே ருசி இல்லல்ல?" என்றார்.

"ஒண்ணும் இருக்காது."

"ஆமா. நான் என்னென்னமோ நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்று சிரித்தார்.

வியாழன் அறுவை நடந்தது. அக்கா மயக்கம் தெளிந்து எழுந்தார். மூன்றாம் நாள் வார்டில் போய்ப் பார்த்தேன். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். திருவிழாவில் கையைப் பிடித்து இழுத்தேனே, அதற்கு மன்னிப்புக் கேட்டேன். அப்பா பாதரிடம் கேட்கவே இல்லை என்பதையும் சொன்னேன்.

அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒங்கப்பாவத் திட்டாத. நான்தான் இன்னொரு தடவ கேட்டிருக்கணும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நோயாளியிடம் கோபப்படுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். "நீ எதுக்குக் கேக்கணும்? எத்தன தடவ கேக்கணும்? வாரா வாரம் கழுவி வச்சியே, அத பாத்துட்டு நாங்க கேட்டிருக்கணும்" என்றேன். பக்கத்துப் படுக்கை மலாய்க்காரம்மா திரும்பிப் பார்த்தார்.

"சத்தம் போடாத. நர்ஸ் வரும்" என்றார் அக்கா. பிறகு, "எனக்கு மட்டும்தான் இப்புடின்னு நெனச்சியா?" என்று கேட்டார்.

மூன்று பேரைச் சொன்னார். எனக்கு மூவரையும் தெரியும். அவர்களாகக் கோயிலை விட்டுப் போய்விட்டார்கள், உலக ஆசையில் போய்விட்டார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். மூவருக்கும் அப்பா ஒரு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதில் ஒருத்தி பகாவ் காலைச் சந்தையில் காய்கறி விற்கிறாள். பள்ளியில் என்னோடு படித்தவள். புருஷன் செத்தபின் கூட்டுக்கு ஒருவரைச் சேர்த்துக்கொண்டவள்.

சிரம்பான் கூட்டம் முடிந்த மறுவாரம் அவள் கடைக்குப் போனேன். ஒரு கிலோ கத்தரிக்காய் நிறுக்கச் சொல்லிவிட்டு, விஷயத்தைச் சொன்னேன். அப்பா சொன்னது தப்பாக இருக்கலாம், பாதரிடம் நேரில் கேட்கலாம், நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். அவள் கேட்டுக்கொண்டே கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சொத்தை இருப்பதை ஒதுக்கினாள்.

"நான் இப்ப வேற சபைக்குப் போறேன். பத்து வருஷம் ஆச்சு."

"தெரியும். அங்க நல்லா பாத்துக்கிறாங்களா?"

"பாத்துக்கிறாங்க. ஆபரேசன் பண்ணப்போ பத்து நாளு சோறு கொண்டாந்து குடுத்தாங்க. நீங்க யாரும் வரல."

"வரல" என்றேன். 

"ஒங்கப்பா செத்தப்போ நான் வந்தேன். வீட்டு கேட்டுக்கு வெளிய நின்னுட்டுப் போயிட்டேன். நீ பாக்கல."

"உள்ள வந்திருக்கலாம்ல?"

"உள்ள வரலாமான்னு யாருகிட்ட கேக்குறது?"

பின்னால் ஒருவர் தக்காளி விலை கேட்டார். அவள் அவருக்கு எடை போடப் போனாள். நான் நகரவில்லை. ஒன்று இரண்டு ஆட்கள் வந்து போகும்வரை நின்றேன். திரும்பி வந்தவள் என்னைப் பார்த்து, "இன்னும் நிக்கிறியா? போலா, வெயிலு ஏறுது" என்றாள். பிறகு கடைக்குப் பின்னாலிருந்து ஒரு காய்கறிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, "சரி, ஒக்காரு. கூட்டம் கொறையட்டும், பேசுவோம்" என்றாள். பதினொன்றரை வரை உட்கார்ந்திருந்தேன். வேலைக்கு அரைநாள் விடுப்பு சொன்னேன். அவள் வருகிறேன் என்று சொல்லவில்லை. நானும் வா என்று இரண்டாம் முறை சொல்லவில்லை. அவள் அந்த மனிதரோடு எப்படி வாழ்ந்தாள், ஆபரேசன் எதற்கு, யார் சோறு கொண்டுவந்தார்கள் என்று கேட்டேன். அவள் சொன்னாள்.